மூன்று பெர்னாண்டோக்களும் ஒரு வெள்ளிப்பூண் குடையும்

போன கிழமை நம் பள்ளித் தோழிகள் குழுவில் இத்தாலிக்காரி ஒரு இணைப்பைப் போட்டாளே, அதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குடும்பப் பெயர்களின் கதை சொல்லும் ஏதோ ஒரு பக்கம். பெர்னாண்டோ என்கிற பெயர் ஸ்பெயின் பக்கத்தில் பிறந்ததாம், அரசர்களே வைத்துக்கொண்டதாம், பிறகு கப்பலேறி உலகம் முழுக்கப் போனதாம். அதன் கீழே அவள் 'எங்கட பேர்!' என்று எழுதியிருந்தாள். நீங்கள் ஆளுக்கொரு பூவும் இதயமும் போட்டீர்கள். நானும் ஒரு பூப் போட்டுவிட்டுத் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் எனக்கு வயிறு எரிந்தது.

சிரிக்காதீர்கள். அந்தப் பெயர் மேல் எனக்கு இருக்கும் எரிச்சல் ஐந்தாம் வகுப்பில் தொடங்கியது. அவள் அப்போது இத்தாலிக்காரி அல்ல. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்த டெலிபோன்காரரின் மகள். அவளுடைய அப்பா கண்டியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தார். மன்னாரிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். வீட்டுக் கேற்றில் ஒரு பித்தளைத் தகடு, அதில் 'பெர்னாண்டோ' என்று மட்டும் வெட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய அம்மா புளி போட்டுத் தேய்ப்பார். பூசைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள், அல்லது போவதாக எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டுக் கதவில் முன்பு இருந்தவர்கள் அடித்த ஒரு ஆணி மட்டும் இருந்தது.

அவர்கள் வீட்டு அலுமாரியின் மேல் தடித்த தொலைபேசிப் புத்தகம் ஒன்று கிடக்கும். மழை நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் சிமெந்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அதில் பெர்னாண்டோக்களை எண்ணுவோம். பக்கம் திருப்பத் திருப்ப முடியாது. டாக்குத்தர் பெர்னாண்டோ, சட்டத்தரணி பெர்னாண்டோ, மரக்காலை பெர்னாண்டோ. "பாத்தியா, இவ்வளவு பேரும் எங்கட ஆக்கள்" என்பாள் அவள். நான் என் வாப்பாவின் பெயரைத் தேடுவேன். எங்களிடம் தொலைபேசியே இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தேடுவேன்.

என் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். எம் என்பது வாப்பாவின் பெயர், எஃப் என்பது பாத்திமா. வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு எஃப் இருந்தது. வரவு பார்க்க டாப்புக் கூப்பிடும்போது ரீச்சர் மூச்சு வாங்குவார். டெலிபோன்காரரின் மகளுக்கும் எஃப்தான், ஆனால் அவளுக்கு அது பின்னால் நின்றது. முன்னால் நிற்கிற எஃப் சுருங்கி ஒரு புள்ளியோடு நிற்கும். பின்னால் நிற்கிற எஃப் கைகால் விரித்து முழுப் பெயராகப் படுத்திருக்கும். பத்து வயதில் எனக்கு இது பெரிய அநியாயமாகத் தெரிந்தது.

வாப்பாவின் கடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலத்துக்குக் கிட்ட, மகாவலிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மூன்று கடைகளில் நடுக்கடை. பூட்டு, திறப்பு, டோர்ச் லைட் எல்லாம் திருத்துவார். ஆனால் எங்கள் ஊர் மழைக்கு அது குடைக்கடையாகத்தான் பெயர் எடுத்தது. ஈரச் சீலையின் புளித்த மணமும் மெசின் எண்ணெயின் மணமும் கலந்து கடைக்குள் இருக்கும். அந்த மணம் இப்போதும் ஏதாவது பஸ்ஸுக்குள் வந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன். திருத்த வரும் குடை ஒவ்வொன்றிலும் வாப்பா ஒரு வெள்ளைத் துணித் துண்டைச் சட்டை ஊசியால் குத்தி, ஆளின் பெயரை எழுதுவார். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகிற பென்சில். மாலையில் வாப்பாவின் நாக்கு நாவற்பழம் தின்ற மாதிரி இருக்கும்.

அந்தத் துண்டுகளில் பெர்னாண்டோ என்று மட்டும் எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை. எங்கள் தெருவிலேயே அத்தனை பேர். சிங்களம் பேசுகிற பெர்னாண்டோ, தமிழ் பேசுகிற பெர்னாண்டோ, இரண்டையும் கலந்து பேசுகிற பெர்னாண்டோ. அதனால் வாப்பா 'பேக்கரிப் பெர்னாண்டோ', 'டெலிபோன் பெர்னாண்டோ' என்று எழுதுவார். யாராவது வந்து "பெர்னாண்டோட குடை ரெடியா?" என்றால் வாப்பா நிமிராமலே "எந்தப் பெர்னாண்டோ?" என்பார். அது எங்கள் வீட்டில் ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. சட்டியில் மீன் துண்டு ஒன்று குறைந்தால் கூட உம்மா "எந்தப் பெர்னாண்டோ எடுத்தது?" என்று எங்களைக் கேட்பார்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. பரிசளிப்பு விழாவுக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை மேடையில் பேச வேண்டும், தலைப்பு 'என் பெயரின் கதை'. பேச்சு என்றால் நான்தான். மூன்றாம் வகுப்பிலிருந்து நான்தான், உங்களில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டீர்கள். உம்மா வெள்ளைச் சப்பாத்துக்குச் சுண்ணாம்புகூடப் பூசி வைத்துவிட்டார். வகுப்பு ரீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்லவர், என்னில் விருப்பமானவர். அவர் என்னைக் கூப்பிட்டு, "இந்த முறை நீ விடு பிள்ளை. இதுக்குக் குடும்பப் பேர் உள்ள ஆள் வேணும்" என்றார்.

"எனக்கும் எஃப் இருக்கு ரீச்சர்."

"அது உன்ர பேர். குடும்பப் பேர் இல்லை. எனக்கும்தான் இல்லை. எங்கட ஆக்களின்ர பேரில கதை சொல்ல என்ன கிடக்கு? அப்பான்ர பேரை முன்னுக்குப் போடுறம், அவ்வளவுதானே."

அவர் அதை என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். எங்கட ஆக்கள் என்று என்னையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். ஆனால் எனக்குக் காதில் விழுந்தது, என் பெயரில் கதை இல்லை என்பது மட்டும்தான். டெலிபோன்காரரின் மகள் தான் இருந்த வாங்கிலிருந்து எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள். "நீ எனக்குச் சொல்லித் தா என்ன, எப்பிடிப் பேசுறதெண்டு." அவளுக்கு என் மேல் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

சொல்லியும் கொடுத்தேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே சபையைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் வீட்டு முற்றத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன். அவளுடைய அப்பா கதிரையில் சாய்ந்தபடி விஷயத்தை எடுத்துக் கொடுப்பார். ஸ்பெயினில் அந்தப் பெயரோடு எத்தனையோ ராசாக்கள் இருந்தார்கள், துணிந்து பயணம் போகிறவன் என்று அதற்கு அர்த்தம், போர்த்துக்கேயர் அதைக் கப்பலில் கொண்டுவந்து நம் கரையில் ஞானஸ்நானத்தோடு கொடுத்தார்கள் என்றெல்லாம். பயணம் என்றதும் அவர் உள்ளே போய் அந்தக் குடையைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா கப்பலில் சமையல் வேலைக்குப் போய், ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய குடை. கறுத்த மரப்பிடி, கழுத்தில் வெள்ளிப்பூண், பூணில் கொடி சுற்றிய ஒரே ஒரு எழுத்து, எஃப். நான் விரலால் தடவிப் பார்த்தேன். என் எழுத்தும் அதுதான் என்று நினைத்தேன்.

"கம்பி ரெண்டு முறிஞ்சு போச்சு. உங்கட வாப்பாட்டக் குடுத்துச் சரிப்பண்ணினால் இவள் மேடைக்குக் கொண்டு போகலாம்" என்றார் டெலிபோன்காரர். மேடையில் பேச்சு முடியும்போது அதை விரித்துக் காட்ட வேண்டும் என்று யோசனை சொன்னது யார் தெரியுமா? நான்தான். நாக்கு முந்திக்கொண்டது.

கடையில் அப்போது மூன்று பெர்னாண்டோக்களின் குடைகள் வரிசையாகத் தொங்கின. பேக்கரிக்காரருடையது, டெலிபோன்காரருடையது, பிறகு நீர்கொழும்புப் பெர்னாண்டோ என்று ஒரு பாஸ். பன்வில பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கூரை போட வந்த தச்சர் அவர். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் வழியில் எடுத்துப்போவதாகச் சொல்லி, மூங்கில் பிடி போட்ட குடை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாப்பா மூன்றுக்கும் புதுக் கறுப்புச் சீலை போட்டிருந்தார். மடித்துத் தொங்கவிட்டால் பிடியைத் தவிர ஒரு வித்தியாசமும் தெரியாது.

சனிக்கிழமை காலை, வாப்பா பின்பக்கம் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தார். மகாவலி சேற்று நிறமாக இரைந்துகொண்டிருந்தது. நான் ஒரு முக்காலியில் ஏறி, மூங்கில் குடையிலிருந்த துண்டைக் கழற்றி வெள்ளிப்பூண் குடையில் குத்தினேன். வெள்ளிப்பூண் குடையின் துண்டை மூங்கிலில் குத்தினேன். இரண்டு ஊசி, இரண்டு துண்டு, எச்சில் விழுங்குகிற நேரம். களவு எடுக்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. விழா முடியும்வரை அவளிடம் அந்தக் குடை இருக்கக்கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். பிறகு எப்படியும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பிள்ளைகள் அப்படித்தானே நினைப்பார்கள். பெரியவளாகிச் செய்த சில வேலைகளிலும் நான் அப்படித்தான் நினைத்திருக்கிறேன், அதை விடுங்கள்.

மத்தியானம் வாப்பா ளுஹர் தொழப் பள்ளிக்குப் போன நேரம் பாஸ் வந்துவிட்டார். தோளில் பை, வாயில் வெற்றிலை, பஸ்ஸுக்கு அவசரம். நான் துண்டைப் பார்த்து வாசித்துக் குடையை நீட்டினேன். அவர் பிடியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"தங்கச்சி, இது என்டதா? என்ட பிடி மூங்கில்தானே?"

அந்த இடத்தில் நான் திருத்தியிருக்கலாம். "மூங்கில் வெடிச்சிப் போச்சி. வாப்பா வேற போட்டார்" என்றேன்.

அவர் பூணை வெளிச்சத்துக்குத் திருப்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "எஃப்! அட, நம்ம பேரையும் போட்டிருக்காரே! முதலாளிக்கு நான் சந்தோசப்பட்டேன்னு சொல்லுங்க." குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மணமகன் மாதிரி நடந்து பஸ் தரிப்பிடத்துக்குப் போனார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தப் பெயர் அவருக்கும் அளவாகத்தான் இருந்தது.

பின்னேரம் டெலிபோன்காரரும் மகளும் வந்தார்கள். வாப்பா மூங்கில் குடையை எடுத்து, துண்டைப் பார்த்து, பிடியைப் பார்த்து, மறுபடியும் துண்டைப் பார்த்தார். கடை முழுக்கத் தேடினார், லாச்சியைக்கூட இழுத்துப் பார்த்தார். லாச்சிக்குள் குடை இருக்காது என்று அவருக்குத் தெரியாதா? பிறகு என்னிடம் வந்து குனிந்தார்.

"மகள், துண்டு மாறி ஈக்கி. நான்தானா மாத்திக் குத்தின?"

டெலிபோன்காரரின் மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓ வாப்பா. நீங்கதான்."

வாப்பா தலையை ஆட்டிக்கொண்டார். மறுக்கவில்லை. டெலிபோன்காரரின் கையைப் பிடித்தபடி அவர் சொன்னதை நான் அதற்குமுன் கேட்டதில்லை, "என்ட கண்ணு சரியில்ல போல." டெலிபோன்காரர் மூங்கில் பிடியை ஒரு முறை தடவிப் பார்த்தார். "பரவாயில்லை நானா, யோசியாதேங்கோ. இன்னொரு பெர்னாண்டோவிட்டத்தானே போயிருக்கு. பேரை விட்டு வெளிய போகேல்லத்தானே" என்று சிரித்தார். அவர் கண் சிரிக்கவில்லை. அவருடைய அப்பாவின் கைபட்ட சாமான் என்று அது ஒன்றுதான் இருந்தது என்பதைப் பிறகுதான் உம்மா சொன்னார்.

அடுத்த ஞாயிறு வாப்பா கடையைப் பூட்டிவிட்டு மூங்கில் குடையோடு நீர்கொழும்புக்கு பஸ் ஏறினார். பாஸின் ஊர் தவிர வேறு ஒன்றும் அவருக்குத் தெரியாது. நீர்கொழும்பில் போய்ப் பெர்னாண்டோ என்று ஒரு பாஸைத் தேடுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாப்பா ஒவ்வொரு மாதா கோவிலாகப் போய்ப் பூசை முடிந்து வருகிறவர்களிடம் கேட்டிருக்கிறார். கேட்ட இடமெல்லாம் ஒரே பதில், "எந்தப் பெர்னாண்டோ?" கடற்கரையில் கருவாடு காயப்போட்டவர்கள் தொப்பியும் தாடியுமாக ஒரு மனுஷன் கோவில் வாசலில் குடையோடு நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்களாம். இருட்டும்போது நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் குடை இருந்தது, ஆனால் அது பாஸின் குடை என்று விரிக்கவில்லையாம். எங்களுக்குக் கருவாடு வாங்கி வந்திருந்தார். நான் சாப்பிடவில்லை. யாருடைய கண்ணூறோ பட்டுவிட்டது என்று உம்மா எனக்கு மிளகாய் சுற்றிப் போட்டார். பட்ட கண்ணூறு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பரிசளிப்பு நாள் உங்களுக்கு மறந்திருக்காது. டெலிபோன்காரரின் மகள், வாப்பாவிடம் இரவல் வாங்கிய மூங்கில் குடையோடு மேடையில் ஏறினாள். ராசாக்களைச் சொன்னாள், கப்பலைச் சொன்னாள், நான் சொல்லிக் கொடுத்த இடங்களில் நிறுத்தினாள். கடைசியில் நான் சொல்லிக் கொடுக்காத ஒன்றைச் சொன்னாள். "எங்கட பேர் எவ்வளவு பெரிசெண்டால், எங்கட அப்பப்பான்ர குடையைக்கூட இப்ப வேற ஒரு பெர்னாண்டோதான் பிடிச்சுக்கொண்டு போறார். மழைக்கு ஆள் தெரியாது, பேர் மட்டும்தான் தெரியும்." என்று சொல்லிவிட்டு மூங்கில் குடையைப் படக்கென்று விரித்தாள். மண்டபம் அதிர்ந்தது. ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினார். முதல் பரிசு அவளுக்குத்தான். நான் குடையைத் தொலைத்திராவிட்டால் அவளுக்கு அந்த வசனமே கிடைத்திருக்காது. என் பாவத்தில் அவள் கோப்பை வாங்கினாள், அதைப் பார்த்தும் எனக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை, பொறாமைதான் இரண்டு மடங்காக வந்தது.

கடைசி வரிசையில் வாப்பா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரித்தபோது அவர் மட்டும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் கண்டிக்குப் போய்க் கண் காட்டினார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்குத்தர் சொன்னாராம். வாப்பா நம்பவில்லை. "என்ட மகள் பாத்திருக்கா" என்று சொல்லி, நடைபாதைக்காரனிடம் தடித்த கண்ணாடி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டார். அது தலையிடியைத்தான் கொடுத்தது. பின்னேரங்களில் நெற்றியில் தைலம் பூசிக்கொண்டு கடையில் இருப்பார். ஒரு நாள் அந்த ஊதாப் பென்சிலை என் கையில் தந்தார்.

"இனி துண்டெல்லாம் நீயே எழுது மகள். ஒன்ட கையெழுத்து பிழைக்காது."

நான் கலியாணம் முடிக்கும்வரை அந்தக் கடையின் துண்டுகளை நான்தான் எழுதினேன். எத்தனையோ பெர்னாண்டோக்கள் எழுதியிருப்பேன். நாக்கு ஊதாவாகும், கழுவினாலும் உடனே போகாது.

போன கிழமை அந்தப் பக்கத்தைக் கடைசிவரைக்கும் வாசித்தேன். நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள், பூப் போட்டவர்கள் எப்போது வாசித்தார்கள்? அதில் போட்டிருந்தது, ஸ்பெயினில் பெர்னாண்டோ என்பது ஒரு ஆளின் பெயர்தானாம். அந்த ஆளின் மகனைப் பெர்னாண்டஸ் என்றார்களாம், பெர்னாண்டோவின் மகன் என்று அர்த்தம். அப்படியே பரம்பரையாகக் குடும்பப் பெயராகிவிட்டதாம். பின்னால் நின்றாலும் அது யாரோ ஒரு வாப்பாவின் பெயர். என் பெயருக்கு முன்னால் புள்ளியோடு நிற்கிற எம் என்கிற எழுத்தும் அதுதான். ரீச்சருக்கும் தெரிந்திருக்கவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. என்னிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றுக்காக நான் எரிந்து செத்திருக்கிறேன். அதைவிட, இருந்த அந்தப் பெயரைத்தான் நான் ஊர் நடுவில் வைத்துக் கெடுத்திருக்கிறேன்.

அந்த இணைப்புக்குக் கீழே இத்தாலிக்காரி இன்னொன்றும் எழுதியிருந்தாள். 'எங்கட குடை மாறின கதை ஞாபகமா? பாவம் உன்ர வாப்பா, கண் தெரியாமல் மாத்திக் குடுத்திட்டார், நல்ல மனுசன்.' நீங்கள் வரிசையாகச் சிரிக்கிற முகங்களைப் போட்டிருந்தீர்கள். அதற்கு நான் ஒன்றும் போடவில்லை. ஒரு கிழமையாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அழிக்காமல் அனுப்புகிறேன்.

துண்டை மாற்றிக் குத்தியது நான். பாஸிடம் பொய் சொன்னதும் நான். என் வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடுவதற்கு முதல் நாள் கூட, கண்ணாடி இல்லாமல், என் பேத்தியின் சட்டைப் பொத்தானுக்கு ஊசியில் நூல் கோர்த்துத் தந்தார். அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது, பிள்ளைகளே.